ஒரு சொல்லின் ஓட்டம்

நுழையும்முன்

அரிய சொல்லைக் கண்டால் அகராதியைத் தேடுகிறோம். எளிய சொல்லைக் கண்டால் தேடுவதில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் மிகுதியாக இடறுவது இந்த எளிய சொற்களில்தான். ‘ரன்’ என்னும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை நாம் தொடக்கப் பள்ளியிலேயே கற்றுவிட்டோம். அதன் பொருள் ‘ஓடு’ என்று மனப்பாடமும் செய்துவிட்டோம். அந்தச் சொல் உண்மையில் எங்கெங்கு ஓடுகிறது என்பதை இக்கட்டுரை காட்டுகிறது.

தெரிந்த சொல்லின் சிக்கல்

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மூன்று சிறிய தொடர்கள் வருவதாகக் கொள்வோம். ஒரு பெண்மணி பள்ளி ஒன்றை ‘ரன்’ செய்கிறார். ஒரு குழந்தையின் மூக்கு ‘ரன்’ ஆகிறது. ஒரு பேருந்து மணிக்கு ஒருமுறை ‘ரன்’ ஆகிறது. ‘ஓடு’ என்னும் ஒரே பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இவற்றைத் தமிழாக்கினால் பள்ளியும் ஓடும், மூக்கும் ஓடும். பேருந்து மட்டுமே தப்பும். தமிழில் பள்ளியை நடத்துகிறோம், மூக்கு ஒழுகுகிறது, பேருந்து ஓடுகிறது அல்லது இயங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரே வினை நிற்கும் இடத்தில் தமிழுக்கு மூன்று வினைகள் தேவைப்படுகின்றன.

மாணவர்க்கு ஆங்கிலம் போதவில்லை என்பது இதற்குக் காரணமாகாது. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ போன்ற நீண்ட கலைச்சொல்லை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்று பிழையின்றித் தமிழாக்குவார்கள். அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அதைக் கற்றுவிட்டால் போதும். எளிய சொல்லுக்குப் பொருள் பல. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைச் சொல்லைப் பார்த்து அறிய முடியாது. சொல் நிற்கும் இடத்தைப் பார்த்தே அறியவேண்டும்.

அகராதி அறையில்

ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை முழுமையாகத் தொகுக்கவேண்டும் என்னும் எண்ணம் 1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழியியல் கழகத்தில் உருவானது. அப்பணியே பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியாக வளர்ந்தது. 1879இல் அதன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மரே, தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டாலான கொட்டகை ஒன்றை அமைத்து அதில் பணிசெய்தார். ஆங்கிலம் வழங்கிய நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் நூல்களைப் படித்து, ஒரு சொல் ஆளப்பட்ட தொடரைத் துண்டுத்தாளில் எழுதி அவருக்கு அனுப்பினார்கள். அத்தாள்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. பணி முழுவதும் முடிந்தது 1928இல். மரே அதைக் காண உயிரோடு இல்லை.

இந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. சொல்லின் பொருளை அறிஞர் ஒருவர் சிந்தித்து எழுதுவதில்லை. மக்கள் அச்சொல்லை எப்படி ஆண்டார்கள் என்னும் சான்றுகளைப் பரப்பிவைத்து, ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து, வேறுபடுபவற்றைப் பிரித்தார்கள். ஒவ்வொரு குவியலும் ஒரு பொருளாயிற்று. அரிய சொற்களுக்கு ஒரிரு குவியல்களே இருந்தன. மிக எளிய சொற்களுக்குத்தான் குவியல்கள் பெருகின. 1989இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் சொல்லே மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்தது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப்பணியில் ‘ரன்’ அதை முந்தியது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளர் அந்த ஒரு சொல்லுக்காக ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்தார். வினைச்சொல்லாக அதற்கு அவர் வகுத்த பொருள்கள் 645.

மிகுதியாகப் புழங்கும் சொல்லுக்கே பொருள்களும் மிகுதி என்பதை அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி சிப்ஃப் 1945இல் எண்ணிக்கை வழியாகவே விளக்கினார். கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கும் அரிவாள்மனை காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் மீன் அரியவும் பயன்படுவதைப் போன்றது இது. அடிக்கடி எடுக்கும் கருவிக்கே புதிய வேலைகளும் வந்து சேர்கின்றன.

காலா, நீரா?

‘ரன்’ என்றதும் ஒருவர் இரு கால்களால் விரைந்து செல்லும் காட்சியே நம் மனத்தில் எழுகிறது. அதுவே மூலப்பொருள் என்றும், ஏனையவை அதிலிருந்து கிளைத்தவை என்றும் கருதுகிறோம். சொல்லின் பழமை வேறுவிதமாகப் பேசுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றொரு வடிவம் இருந்தது. அதன் உறவுமொழியாகிய செருமானியத்தில் இன்றும் ‘ரெனன்’, ‘ரினன்’ என்று இரண்டு வினைகள் தனித்தனியே வழங்குகின்றன. முன்னது காலால் ஓடுவதைக் குறிக்கும். பின்னது நீர் ஒழுகுவதைக் குறிக்கும். ஆங்கிலத்திலோ இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே மூக்கு ‘ரன்’ ஆவதும், குழாய்நீர் ‘ரன்’ ஆவதும், துவைத்த துணியின் சாயம் ‘ரன்’ ஆவதும், மெழுகுவத்தி உருகி வழிவதும் பிற்காலக் கற்பனைகள் ஆகா. சொல்லின் மிகப் பழைய பொருளோடு தொடர்புடையவை அவை.

இந்த நீர்ப்பொருளை அறியாதவர் வரலாற்று நூலில் இடறக்கூடும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதற்பெரும் போர், 1861 சூலை 21 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் மனாசஸ் ஊருக்கு அருகில் நிகழ்ந்தது. வடபுலத்தார் அதைப் ‘புல் ரன்’ போர் என்று அழைத்தனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘காளை ஓட்டம்’ என்றாகும். போர்க்களத்தில் காளைகள் ஓடினவோ என்று படிப்பவர் மயங்குவார். அது ஓர் ஓடையின் பெயர். வர்ஜீனியா, பென்சில்வேனியா போன்ற பகுதிகளில் சிறிய நீரோடையை ‘ரன்’ என்றே வழங்குகின்றனர். வடபுலத்தார் பெரும்பாலும் அருகிலிருந்த நீர்நிலையின் பெயராலும், தென்புலத்தார் ஊரின் பெயராலும் போர்களைக் குறித்தமையால் ஒரே போருக்கு இரண்டு பெயர்கள் உண்டாயின. அன்று தோற்ற வடபுலப் படையினர் தலைதெறிக்க வாஷிங்டனை நோக்கி ஓடினர் என்பதும் உண்மைதான். இந்தத் தற்செயல் பொருத்தம் மொழிபெயர்ப்பாளரின் பிழையை இன்னும் உறுதிப்படுத்திவிடும்!

நம் மொழியிலும் ‘ஓடை’ என்னும் சொல் ‘ஓடு’ என்பதை நினைவூட்டுவதைக் காணலாம். நீர் ஓடுவதாகவே நாமும் சொல்கிறோம். இவ்விடத்தில் இரு மொழிகளும் ஒரே வழியில் செல்கின்றன. எல்லா இடத்திலும் அவ்வாறு செல்வதில்லை.

அவர்கள் ஓட்டுவதை நாம் நடத்துகிறோம்

நீராவி எந்திரங்களும் தொடர்வண்டிகளும் பெருகியபோது ‘ரன்’ என்னும் சொல்லுக்குப் புதுவாழ்வு கிடைத்தது. எந்திரம் இயங்குவதும், வண்டி குறித்த வழியில் குறித்த நேரத்தில் சென்றுவருவதும், ஆலை தொடர்ந்து செயற்படுவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்பட்டன. எந்திரம் தானே ‘ரன்’ ஆகும். அதை ஒருவர் ‘ரன்’ செய்யவும் செய்யலாம். ஆலையை ‘ரன்’ செய்தவர் பிறகு கடையை, விடுதியை, செய்தித்தாளை, அரசையே ‘ரன்’ செய்யலானார். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வழக்கில் இப்பொருள் நன்கு வேரூன்றியது. கணினி வந்தபின் நிரலும் அதே சொல்லுக்குள் வந்துசேர்ந்தது. நிரலை ‘ரன்’ செய்வதை நாம் ‘இயக்குதல்’ என்கிறோம்.

தமிழர் கடையை ஓட்டுவதில்லை, நடத்துகிறார்கள். நிறுவனத்தை நடத்துதல், குடும்பம் நடத்துதல், ஆட்சி நடத்துதல், பாடம் நடத்துதல் என அனைத்தும் ‘நட’ என்னும் வினையின் பிறவினையாகவே அமைகின்றன. ஆங்கிலேயர் ஓடவைப்பதைத் தமிழர் நடக்கவைக்கிறார்கள். ‘எப்படியோ கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் தமிழ்ச் செவிக்கு அது வேறாக ஒலிக்கும். கடையில் வணிகம் சரியில்லை, சமாளித்து வருகிறார் என்பதை அடுத்த தொடரைக் கேளாமலே அறிந்துகொள்வோம். ‘நடத்து’, ‘ஓட்டு’ ஆகிய இரண்டுக்கும் இடையே தமிழில் உள்ள இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தின் ‘ரன்’ காட்டாது. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லை மட்டும் அறிந்தால் போதாது. தமிழ்ச் சொல்லின் நிறத்தையும் அறிந்திருக்கவேண்டும்.

ஓடாமல் பெறும் ஓட்டம்

மட்டைப்பந்து ஆட்டத்தில் தொடக்கத்தில் இச்சொல் நேர்ப்பொருளிலேயே வழங்கியது. பந்தை அடித்தபின் மட்டையாளர் இருவரும் எதிரெதிர் முனைகளுக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு ‘ரன்’. பழங்காலத்தில் கணக்கர் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மரக்குச்சியில் ஒரு வெட்டுக்குறி இடுவார்; அக்குறியின் பெயராலேயே ஓட்டத்தைக் குறிப்பிட்டதும் உண்டு. இன்றோ பந்து எல்லைக்கோட்டைக் கடந்தால் மட்டையாளர் நின்ற இடத்தில் நின்றபடியே நான்கு அல்லது ஆறு ஓட்டங்கள் பெறுகிறார். பந்துவீச்சாளர் பந்தை அகலமாக வீசினாலும் எதிரணிக்கு ஓட்டம் கிடைக்கிறது. அங்கே யாரும் ஓடவேண்டியதில்லை. செயலின் பெயராக இருந்த சொல் எண்ணிக்கையின் பெயராக மாறிவிட்டது. ஆங்கிலத்தில் நிகழ்ந்த இம்மாற்றத்தைத் தமிழ் அப்படியே ஏற்றுக்கொண்டது. 2024ஆம் ஆண்டின் இருபது ஓவர் உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா ஏழு ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது என்று படிக்கும்போது, யாரும் யாரையும் துரத்தி ஓடியதாக நாம் எண்ணுவதில்லை.

வரிசையில் நின்ற ‘ஓட்டம்’

பொருளியல் செய்திகளில் வரும் ‘பேங்க் ரன்’ என்னும் தொடர் இன்னும் வியப்பானது. ஒரு வங்கி முறிந்துவிடும் என்ற அச்சம் பரவும்போது, பணம் போட்டவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்பப் பெற முனைவதே இதன் பொருள். எந்த வங்கியும் மக்கள் செலுத்திய பணம் முழுவதையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். ஆகவே நலமாக இருக்கும் வங்கிகூட இத்தகைய அச்சத்தால் வீழக்கூடும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக்கு இந்நிலை நேர்ந்தது. அதன் கிளைகளுக்கு வெளியே மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். அவர்கள் நின்றுகொண்டிருந்த காட்சிக்கு ஆங்கிலம் இட்ட பெயர் ‘ரன்’. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர் முனைந்தனர். பெரும்பாலும் கணினியும் கைப்பேசியுமே அதற்குக் கருவிகள். மறுநாள் அவ்வங்கி மூடப்பட்டது. அங்கே யாருடைய காலும் அசையவில்லை.

இச்செய்தியை ‘வங்கி ஓட்டம்’ என்று ஒருவர் தமிழாக்கினால் படிப்பவருக்கு என்ன புரியும்? வங்கி நன்றாக ஓடுகிறது என்றுகூடக் கொள்வார். அச்சச் செய்தி நற்செய்தியாகிவிடும். ‘பணத்தைத் திரும்பப் பெற மக்கள் முண்டியடித்தனர்’ என்று எழுதினால் சொற்கள் கூடும்; பொருள் கெடாது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லே ஈடாக வரவேண்டும் என்னும் விதி மொழிபெயர்ப்பில் இல்லை.

தேர்தலில் நிற்பதும் ஓடுவதும்

அமெரிக்கர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார்கள். பிரிட்டனில் அதே தேர்தலில் வேட்பாளர் ‘ஸ்டேண்ட்’ செய்கிறார், அதாவது நிற்கிறார். ஒரே மொழியைப் பேசும் இரு நாடுகளில் ஒரே செயலை ஒருவர் ஓட்டமாகவும் மற்றவர் நிற்றலாகவும் காண்கின்றனர். தமிழிலும் வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார். எழுத்து வழக்கில் ‘போட்டியிடுகிறார்’ என்போம். பேச்சு வழக்கில் ‘இந்தத் தொகுதியில் யார் நிற்கிறார்கள்?’ என்றே கேட்போம்.

இப்படி நாட்டுக்கு நாடு பொருள் மாறுவது வேடிக்கையோடு நின்றுவிடுவதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன், அமெரிக்கப் படைத்தலைவர்களின் கூட்டத்தில் ‘டேபிள்’ என்னும் மற்றோர் எளிய சொல் பூசலை விளைத்ததாக வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டானியருக்கு உடனே விவாதத்துக்கு எடுத்தல், அமெரிக்கருக்கோ ஒத்திவைத்தல். இரு தரப்பும் விரும்பியது ஒன்றே. ஆயினும் கடுமையான வாக்குவாதம் நீண்ட நேரம் நடந்தபிறகே அது விளங்கியது.

நோயாளியின் படுக்கையருகில்

உடல்நலம் பற்றிய பேச்சிலும் ‘ரன்’ அடிக்கடி தலைகாட்டும். காய்ச்சல் அடிப்பதை ஆங்கிலத்தில் வெப்பநிலையை ‘ரன்’ செய்வதாகச் சொல்வர். ஒரு நோய் குடும்பத்தில் ‘ரன்’ ஆகிறது என்றால், அது தலைமுறைகளாக அக்குடும்பத்தாரிடம் காணப்படுகிறது என்பது பொருள். ஒருவர் ‘ரன் டவுன்’ ஆக உணர்கிறார் என்றால் உடல் தளர்ந்திருக்கிறார் என்று கொள்ளவேண்டும். அவரைக் கார் ‘ரன் டவுன்’ செய்தது என்றால், கார் மோதி வீழ்த்தியது என்றாகும். பேச்சு வழக்கில் பன்மையில் ‘தி ரன்ஸ்’ என்பது வயிற்றுப்போக்கைக் குறிக்கும். வெளியூர் மருத்துவமனையில் ஆங்கிலம் அறியாத தாத்தாவுக்கும் தமிழ் அறியாத மருத்துவருக்கும் நடுவே நின்று பேசும் பொறுப்பு, பல வீடுகளில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பேரப்பிள்ளைக்கே வந்துசேர்கிறது. அங்கே மதிப்பெண் குறைவதோடு பிழை முடிந்துவிடாது. ஐயம் எழுந்தால் ‘நீங்கள் சொல்வது இதுதானா?’ என்று திரும்பக் கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

நம் ‘ஓடு’

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் உரியியலில் இதனைப் பேசுகிறது. ‘கடி’ என்னும் ஒரே உரிச்சொல்லுக்கு நன்னூல் பதின்மூன்று பொருள்களைத் தருகிறது. திவாகர நிகண்டு ஒரு சொல் பல்பொருளுக்கென ஒரு தொகுதியையே ஒதுக்கியுள்ளது. நாள்தோறும் வழங்கும் ‘ஓடு’ என்பதையே எடுத்துக்கொள்வோம். காலம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, முகத்தில் புன்னகை ஓடுகிறது. பதற்றத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரைப்படம் ஓடியது என்றால் வெற்றி. பணியாளர் ஓடிவிட்டார் என்றால் சொல்லாமல் போய்விட்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். மேலே கண்டவை அனைத்தும் ஒரே சொல்லின் கிளைகள். எல்லாவற்றிலும் இடையறாத இயக்கம் என்னும் கரு இழையோடுகிறது. ஓட்டு வீடு, வண்டி ஓட்டு, தேர்தல் ஓட்டு ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை அல்ல. முதலாவது, கூரை வேயும் ஓடு என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது, ஓடு என்னும் வினையின் பிறவினை. மூன்றாவது, ‘வோட்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் திரிந்து வந்தது. இவை தற்செயலாக உருவம் ஒத்த வெவ்வேறு சொற்கள். நல்ல அகராதி இத்தகையவற்றைத் தனித்தனித் தலைப்புகளில் தரும். ஒரே சொல்லின் பல பொருள்களை ஒரே தலைப்பின்கீழ் எண்ணிட்டுத் தரும். அகராதியைத் திறக்கும்போது இந்த அமைப்பைப் பார்த்தாலே, ஒரு சொல்லின் கிளைகளா, வேறு வேறு சொற்களா என்பது தெரிந்துவிடும்.

அண்டை வீட்டார்

ஒரு சொல்லை அதனோடு பழகும் சொற்களைக் கொண்டே அறியவேண்டும் என்பது பிரிட்டானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் வலியுறுத்திய கருத்து. ‘ரன்’ விஷயத்தில் இதுவே நல்ல கைவிளக்கு. முதலில் எழுவாயைப் பார்க்கவேண்டும். ஓடுவது மனிதரா, நீரா, எந்திரமா, வண்ணமா? அடுத்து, செயப்படுபொருள் உண்டா என்று பார்க்கவேண்டும். செயப்படுபொருளாக ஒரு கடையோ நிறுவனமோ வந்தால் நடத்துதல். கணினி நிரல் வந்தால் இயக்குதல். ஆபத்து வந்தால் ஆபத்துக்கு இடங்கொடுத்தல். மூன்றாவதாக, பின்னால் ஒட்டிவரும் சிறுசொல்லைத் தவறவிடக் கூடாது. இம்மூன்றனுள் மிகுதியாக ஏமாற்றுவது இந்தச் சிறுசொல்தான். ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோதல்; மட்டைப்பந்தில் ‘ரன் அவுட்’ என்றால் ஓட்டத்தின் நடுவே ஆட்டமிழத்தல். ‘ரன் ஓவர்’ ஒரு நிகழ்ச்சியைப் பற்றி வந்தால் நேரம் கடந்துவிட்டது என்பது பொருள். ஒரு வண்டியைப் பற்றி வந்தால் சக்கரம் ஏறிவிட்டது என்பது பொருள். ‘ரன் இன்டு’ என்பதும் அத்தகையதே. லாரி சுவரில் ‘ரன் இன்டு’ செய்தால் மோதியது. நீங்கள் கடைத்தெருவில் உங்கள் பழைய ஆசிரியரை ‘ரன் இன்டு’ செய்தால் அவருக்குக் காயம் எதுவும் இல்லை. எதிர்பாராமல் சந்தித்தீர்கள், அவ்வளவுதான்.

கற்பவை கற்றபின்…

‘செட்’, ‘டேக்’, ‘பிரேக்’ ஆகிய ஆங்கிலச் சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் நீங்கள் படிக்கும் செய்திகளிலும் கேட்கும் உரைகளிலும் அது வரும் தொடர்களைத் தனித்தனித் துண்டுத்தாள்களில் எழுதுக. மரே செய்ததுபோல் அவற்றைக் குவியல்களாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் பொருந்தும் தமிழ் வினையை எழுதுக.

‘அடி’, ‘பிடி’, ‘எடு’ ஆகிய தமிழ்ச் சொற்கள் உங்கள் ஊர்ப் பேச்சில் என்னென்ன பொருள்களில் வழங்குகின்றன என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் பெயர்க்க இயலாதவற்றை வகுப்பில் விளக்குக.